அயலார் இல்லாத அறை

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு மணி அடித்தால் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பெஞ்சுகள் இழுபடும் சத்தம் கேட்கும். 42 பிள்ளைகளில் 14 பேர் பைபிளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, வராந்தாவில் வரிசையாக நடந்து, கடைசி அறையில் காத்திருக்கும் சிஸ்டரிடம் போவார்கள். அவர்களுக்கு மறைக்கல்வி. வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ஞானோபதேசம் என்றுதான் சொல்கிறார்கள். மீதி 28 பேர் என்னிடம் இருப்பார்கள். அவர்களுக்கு நன்னெறி, பிள்ளைகள் வாயில் ‘மாரல்’.

தென் மாவட்டம் ஒன்றில், கன்னியர் நடத்தும் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் 27 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். நான் கத்தோலிக்கர் இல்லை என்பதால் அந்தப் பாடவேளையில் எனக்கு எப்போதும் ‘மாரல்’தான். ஒரு வெள்ளிக்கிழமை முதல் பெஞ்சுப் பிள்ளை எழுந்து கேட்டாள்: “தமிழம்மா, அங்க அவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்காங்க?” “சாமி பாடம்” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பதில் இன்றுவரை என்னை உறுத்துகிறது. காலையில் ஒரே பஸ்ஸில் வந்து, மதியம் ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிடும் தோழி, வாரத்தில் இரண்டு பாடவேளை மட்டும் தன்னை விட்டுவிட்டுப் போய் எதைக் கற்றுக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்துகொள்ள அவள் ஆசைப்பட்டாள். நியாயமான ஆசை. அதற்கு அந்தப் பள்ளியில் யாரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

கத்தோலிக்கப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படி என்னதான் படிக்கிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் சந்தேகத்தோடு கேட்பதுண்டு. மற்றப் பள்ளிகளில் படிப்பதைத்தான் படிக்கிறார்கள். 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதற்குப் பிறகு, மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளி சிறுபான்மையினருடையது ஆனாலும் சரி, மெட்ரிக் ஆனாலும் சரி, பாடநூல் ஒன்றுதான். சமூக அறிவியலில் ஐரோப்பியர் வருகை, கிராம சமூகம், இந்தியாவில் கல்வி வளர்ச்சி. அறிவியலில் வளரிளம் பருவமடைதல் என்றொரு பாடம். அதை எந்த ஆசிரியை தயங்காமல் நடத்துகிறாரோ அவரைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். குடிமையியலில் சமயச்சார்பின்மைக்கு ஒரு தனிப் பாடமே இருக்கிறது. அந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஹோல்யோக் என்று எழுத்துப் பிழை இல்லாமல் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்குவார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி. 2019இல் வந்த எட்டாம் வகுப்புத் தமிழ் நூலை நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நூலைத் தொகுத்தவர்கள், அந்த முதல் பெஞ்சுப் பிள்ளையின் கேள்வியைத்தான் மனத்தில் வைத்துச் செய்தார்களோ என்று தோன்றும்படியான ஒரு வேலையைச் செய்திருக்கிறார்கள். மூன்றாம் இயலில் சமணக் காப்பியமான நீலகேசி. பிறவி நோய்க்கு மருந்தாக நல்லறிவையும் நற்காட்சியையும் நல்லொழுக்கத்தையும் அது சொல்கிறது. ஐந்தாம் இயலில் சுந்தரரின் திருக்கேதாரப் பதிகம். எட்டாம் இயலில் திருமூலர். அவருக்கு அடுத்த பக்கங்களிலேயே குணங்குடி மஸ்தான் சாகிபு. அதே இயலில் உரைநடையாக அயோத்திதாசர். ஒன்பதாம் இயலில் இறையரசனின் ‘கன்னிப்பாவை’யிலிருந்து ஒரு பாட்டு, அதோடு அம்பேத்கர் பற்றிய பாடம். சைவமும் சமணமும் இஸ்லாமும் கிறித்துவமும் பௌத்தத்தின் சுவடும் ஒரே அட்டைக்குள். இப்படி ஒரு நூல் 13 வயதுப் பிள்ளையின் பைக்குள் இருப்பது சாதாரணமான காரியம் இல்லை.

கன்னிப்பாவை நடத்திய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சேசுராசா என்ற இயற்பெயர் கொண்ட இறையரசன், ஆண்டாளின் திருப்பாவையைப் பின்பற்றி எழுதிய நூல் அது. மனத்தில் எழும் குணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லும் பாட்டு பாடமாக வந்திருக்கிறது. நூற்குறிப்பைப் படித்து முடித்ததும் “திருப்பாவை யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன். பெருமாள் கோயில் தெருப் பிள்ளை ஒருத்தி எழுந்து, மார்கழியில் பாட்டியோடு போய்ப் பழகிய ராகத்தில் மடமடவென்று பாடினாள். அவள் உட்காரும் முன்பே, மாதா கோயில் பாடகர் குழுவில் பாடும் பிள்ளை தானாக எழுந்துவிட்டாள். “தமிழம்மா, எங்க மாதா பாட்டுலயும் இதே மாதிரி பொம்பளைப் பிள்ளைகளை எழுப்பிக் கூப்பிடுற பாட்டு இருக்கு” என்று சொல்லி இரண்டு அடி பாடினாள். அதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து இன்னொருத்தி, தன் வீட்டில் நோன்புக் காலத்தில் விடியுமுன் சஹருக்கு எழுப்ப வருகிறவர் கொட்டு அடித்துக்கொண்டு பாடுவதைச் சொன்னாள். மூன்று மதத்திலும் விடியற்காலையில் ஒருவர் வந்து இன்னொருவரை எழுப்புகிறார்! அதை எந்த உரைநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 42 பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருந்ததால் தெரிந்தது.

அது வியாழக்கிழமை. மறுநாள் மூன்றாம் பாடவேளையில் மணி அடித்தது, பெஞ்சுகள் இழுபட்டன.

மறைக்கல்வியைக் குறைசொல்ல நான் வரவில்லை. பலமுறை சிஸ்டர்மாரிடம் புத்தகத்தை வாங்கிப் படித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பையொட்டிய வயதில் கத்தோலிக்கப் பிள்ளைகள் பலருக்கு உறுதிப்பூசுதல் நடக்கும். குழந்தையாக இருந்தபோது பெற்றோர் தன் சார்பில் கொடுத்த வாக்கைத் தானே ஏற்றுக்கொள்ளும் சடங்கு அது. ஆயர் வந்து நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசுவார். அதற்காகத் தூய ஆவியின் ஏழு கொடைகளைப் படிப்பார்கள். அவற்றில் திடம் என்று ஒன்று உண்டு. எனக்குப் பிடித்த சொல். பத்துக் கட்டளைகள், மலைப்பொழிவு, உவமைகள் என்று அந்த வகுப்பில் கனமான சரக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு நீண்ட வரலாறும் இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே ஒரு ஞானோபதேச நூல்தான். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, 16 பக்கச் சிறு நூல். அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, வினாவும் விடையுமாக. முத்துக்குளித்துறைப் பரதவர் பிள்ளைகளுக்காகக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் நடையில் தமிழ் அச்சு தன் தொடக்க காலத்திலேயே பேசப் பழகியது என்று நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். ஒரு தமிழாசிரியைக்கு இதைவிடப் பெருமையான செய்தி உண்டா? ஆனால் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் 14 பேருக்கே இது தெரியாது. மீதி 28 பேருக்குத் தெரிய வழியே இல்லை.

அந்தப் புத்தகத்தில் நல்ல சமாரியர் உவமை வருகிறது. கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராகக் கிடக்கிறான் ஒருவன். அவனுடைய இனத்துக் குருவும் லேவியரும் விலகிப் போகிறார்கள். தீண்டக் கூடாதவன் என்று யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் வந்து காயத்தைக் கழுவிக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போகிறான். எனக்கு அயலார் யார் என்று ஒருவர் கேட்ட கேள்விக்கு இயேசு சொன்ன கதை இது. ஒருநாள் ஜன்னல் வழியே அந்தப் பாடம் நடப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சிஸ்டர் அருமையாகத்தான் நடத்தினார். ஆனால் அறையில் இருந்த 14 பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகிறவர்கள். அயலார் யார் என்ற கேள்வியை அயலார் ஒருவர்கூட இல்லாத அறையில் கேட்டுக்கொண்டிருந்தோம். அயலார் 28 பேரும் என் வகுப்பில் நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்பது சரியான சொல்தான். நன்னெறிக்கென்று புத்தகம் கொடுத்தார்கள். பொய் சொல்லாதே, பெரியோரை மதி, தண்ணீரை வீணாக்காதே. எல்லாம் சரிதான், முதல் வகுப்புப் பிள்ளைக்கும் அதுதான், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதுதான். பரீட்சை கிடையாது என்பதால் யாருக்கும் அக்கறை கிடையாது. கணக்கு டீச்சர் வந்து “இந்தப் பீரியடை எனக்குத் தாங்களேன்” என்பார்; கொடுத்துவிடுவேன். நவம்பர், டிசம்பரானால் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி. மனத்திறன் தேர்வுக்கு எண் தொடரும் படத் தொடரும் போட்டுப் பழகுவார்கள். அந்தத் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை மாதம் 1,000 ரூபாய். பீடி சுற்றும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அது பெரிய தொகை. அதற்காக மாரல் வகுப்பை விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. விட்டுக்கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்ற நிலையில் அந்த வகுப்பு இருந்ததுதான் வருத்தம். மறைக்கல்வி அறையில் கேள்விக்கு விடை தயாராக இருந்தது. இங்கே கேள்வியே இல்லை.

ஏன் பிரிக்கிறார்கள் என்பதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் கூறு, சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனத்தை நிறுவி நடத்தும் உரிமையைக் கொடுக்கிறது. 28ஆம் கூறின் மூன்றாம் பிரிவு, அரசின் ஏற்போ உதவியோ பெறும் பள்ளியில் யாரையும் அவர் சம்மதமில்லாமல், சிறார் என்றால் காப்பாளர் சம்மதமில்லாமல், சமய போதனையில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்கிறது. இரண்டும் தேவை. சம்பளம் அரசு கொடுக்கிறது. பிள்ளைகள் எல்லாச் சமயத்தினரும். ஆகவே மறைக்கல்விக்குத் தனி அறை இருப்பது பிழை இல்லை. இந்துப் பிள்ளையையோ முஸ்லிம் பிள்ளையையோ அங்கே உட்காரவைத்தால்தான் பிழை.

ஆனால் சட்டம் தடுப்பது சமய போதனையை. சமயங்களைப் பற்றித் தெரிந்துகொள்வதை எந்தக் கூறும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சுந்தரரையும் மஸ்தான் சாகிபுவையும் அரசே பாடநூலில் போட்டிருக்க முடியாது. அப்படியானால் நன்னெறி வகுப்பு ஏன் இவ்வளவு சப்பென்று இருக்கிறது? நிர்வாகத்துக்குப் பயம். மதமாற்றம் என்ற குற்றச்சாட்டு எப்போது எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரியாது. பிற சமயப் பிள்ளைகளிடம் கடவுள், சாமி, சமயம் என்று எதைப் பேசினாலும் வம்பு. அதனால் எவர் மனமும் புண்படாத, எவர் மனத்தையும் தொடாத பாடமாகப் பார்த்து வைத்துவிட்டார்கள். அந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். கண்ணெதிரே பார்த்தவள் நான். ஆனாலும் அதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கக் கூடாது.

சாதியைப் பற்றிப் பேசாத நன்னெறி இன்றைக்கு என்ன நன்னெறி? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்பதிலிருந்து அறநெறி வகுப்புவரை பல பரிந்துரைகள் அதில் உண்டு. கயிறு சம்பந்தமான பரிந்துரையைப் பற்றித் தொலைக்காட்சியில் நாள்கணக்கில் பேசினார்கள். அறநெறி வகுப்பைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை. கயிற்றை வாசலில் நிற்கும் பி.டி. மாஸ்டர் அறுத்துவிடலாம். கயிறு கட்டச் சொன்ன மனத்தோடு யார் பேசுவது?

இந்த இடத்தில் கத்தோலிக்கப் பள்ளிக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. சொல்வதற்குச் சொந்தக் கதையும் இருக்கிறது. வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதி பார்த்துப் பிரித்துவைத்திருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. விவகாரம் நீதிமன்றம்வரை போனது. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்ப்பதை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். என் வகுப்பிலேயே ஒரே தெருவைச் சேர்ந்த, சித்தி மக்கள் பெரியம்மா மக்களான இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தியின் சான்றிதழில் எஸ்.சி.; ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பிள்ளையின் சான்றிதழில் பி.சி. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. பின்னால் 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் அதில் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். “ஏன் டீச்சர் இவளுக்கு மட்டும்?” என்று கேட்கக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை. அம்பேத்கர் பாடம் ஒன்பதாம் இயலில் இருக்கிறது. அதை அந்தப் படிவத்தோடு சேர்த்துவைத்து விளக்கப் பாடத்திட்டத்தில் நேரம் இல்லை. நேரம் இருந்தது ‘மாரல்’ வகுப்பில்தான். அங்கே நான் தண்ணீரை வீணாக்காதே என்று படித்துக்கொண்டிருந்தேன்.

திருச்சபை தன் பள்ளிகளிடம் கேட்பதும் பிறரோடு இப்படிப் பேசுவதைத்தான். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றி இன்னோர் ஏட்டையும் வெளியிட்டது. பிற சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் இருக்கும் எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்ற கருத்து அதில்தான் இருக்கிறது. இரண்டும் வெளியானது ஒரே நாளில், 1965 அக்டோபர் 28. எங்கள் பள்ளி நூலகத்தில் இரண்டும் ஒரே தொகுப்பாக, தூசி படிந்து இருந்தன. ஒரே நாளில் பிறந்த இரண்டையும் நாம் வெவ்வேறு அறைக்கு அனுப்பிவிட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. வாரத்துக்கு இரண்டு பாடவேளை இருக்கிறது. ஒன்று இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தன் நம்பிக்கையை ஆழமாகப் படிக்க இடம் வேண்டும். அதில் நீர் ஊற்ற வேண்டியதில்லை. மற்றொன்றில் 42 பேரும் ஒன்றாக உட்காரட்டும். புதிதாகப் புத்தகம் போடவும் தேவையில்லை. தமிழ்ப் புத்தகத்தில் இருக்கும் நீலகேசி, சுந்தரர், திருமூலர், மஸ்தான் சாகிபு, கன்னிப்பாவை, அயோத்திதாசர், அம்பேத்கர் ஆகிய ஏழும் போதும். பரீட்சைக்காக ஓடி ஓடி நடத்தியதை இங்கே நின்று நிதானமாகப் பேசலாம். அதோடு அந்த நல்ல சமாரியர் கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். அதைப் போதனையாகச் சொல்ல வேண்டாம். கதையாகச் சொல்லி, அந்த வழியில் நம் ஊரில் யார் விழுந்து கிடக்கிறார், யார் விலகிப் போகிறார் என்று பிள்ளைகளே பேசட்டும். என்ன பேசப்போகிறோம் என்பதை ஜூன் மாதமே ஒரு தாளில் அச்சடித்து எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்துவிடலாம். விருப்பமில்லை என்பவரின் பிள்ளைக்கு அந்த நேரத்தில் நூலகம் திறந்திருக்கட்டும். மூடிய அறையில் நடப்பதைத்தான் ஊர் சந்தேகப்படும். கதவைத் திறந்துவைத்தால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

இந்த வகுப்பை எடுக்க எல்லா ஆசிரியருக்கும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை கேட்கும் கேள்விக்கு “எனக்குத் தெரியாது, அடுத்த வாரம் படிச்சிட்டு வந்து சொல்லுதேன்” என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். மறைமாவட்டக் கல்வி அலுவலகங்கள் ஆண்டுதோறும் நன்னெறி ஆசிரியர்களுக்கு ஒருநாள் கூட்டம் நடத்தி, குத்துவிளக்கு ஏற்றி, சாப்பாடு போட்டு அனுப்புகின்றன. அந்த ஒருநாளில் ஒரு மணி நேரமாவது இந்தப் பேச்சுக்குப் பழக்கம் கொடுக்கலாம்.

ஏன் எட்டாம் வகுப்பு என்று கேட்கலாம். ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் பல பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். அதன் பிறகு பன்னிரண்டு முடியும்வரை அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஆறாம் வகுப்பில் குழந்தை. எட்டில்தான் உடம்பு மாறுகிறது, குரல் மாறுகிறது, யாரோடு பழகலாம் யாரோடு பழகக் கூடாது என்று வீட்டில் சொல்லத் தொடங்குகிறார்கள். நாங்குநேரியில் அரிவாளைத் தூக்கிய கைகளும் சில ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு வகுப்பறையில் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டிய கைகள்தான்.

மே மாதக் கடைசியில் எங்கள் பள்ளியில் கால அட்டவணை போடுவோம். பெரிய சார்ட் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பாடத்தின் முதல் எழுத்தை எழுதுவோம்: த, ஆ, க, அ, ச. இரண்டு கட்டங்களில் மட்டும் ‘மறை’ என்றும் ‘நன்’ என்றும் எழுதி நடுவில் ஒரு சாய்கோடு போடுவோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் 27 ஆண்டுகளில் பெரும்பாலும் அந்த அட்டவணையை எழுதியவள் நான்தான். அந்தச் சாய்கோட்டைப் போட்டவளும் நான்தான். இந்த மே மாதம் அதை எழுத உட்காரும் தமிழம்மாவும், பக்கத்தில் நின்று சொல்லும் தலைமையாசிரியை சிஸ்டரும் அந்த இரண்டு கட்டங்களில் ஒன்றில் கோடு போடாமல் விட்டால் போதும். அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று 42 பிள்ளைகளிடமே கேட்கலாம்.